சேவ் எங்கே இருக்கு?

கப்பல் வேலைக்குப் போகிற பையன்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் அண்ணாச்சியின் கடைக்கு வருவார்கள். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். நடுக்கடலில் இணையம் கிடைத்தாலும் அளந்துதான் கிடைக்கும். வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசவே அது பத்தாது. வாட்ச் முடிந்து கேபினுக்கு வந்தால் விளையாட ஏதாவது வேண்டும். லேப்டாப்பையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நாளன்னைக்கு பாம்பேல ஜாயினிங். கேம் எல்லாத்தையும் இதுல ஏத்திக் கொடுத்திருங்க" என்பார்கள்.

"ஏத்துறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல தம்பி. இங்க வச்சே ஒருக்க இறக்கிப் பாத்துட்டுப் போ" என்பார் அவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு டபிள்யூ.ஜி.சி. ரோட்டுப் பக்கம் சொந்தமாக சர்வீஸ் கடை போட்டவர். பள்ளிக்கூடப் பையன் முதல் தோணிக்காரர் வரை எல்லாருக்கும் அண்ணாச்சி. பிரிண்டர், மானிட்டர், பில்லிங் மெஷின் என்று வேலை பல இருந்தாலும், எடுத்து வைத்த கேம் பேக்கப்பை விரித்துத் திரும்ப ஓட வைப்பதில் அவருக்குத் தனிப்பெயர் உண்டு. இத்தனை வருடத்தில் அவர் கண்ட பெரிய சங்கடம் ஒன்றுதான். 'பேக்கப் இருக்கு' என்று தைரியமாக வருகிறவர்கள் கேமைத்தான் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அது அறுபது ஜிபி இருக்கும். காசு கொடுத்து வாங்கியிருந்தால் திரும்பவும் டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம். இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக விளையாடிச் சேர்த்த சேவ் ஃபைல் சில நூறு கேபிதான் வரும். அந்த ஒரு மெஷினைத் தவிர அது வேறெங்கும் இருக்காது. அதை எடுத்து வைக்க யாருக்கும் தோன்றியிருக்காது. ஆகவே எவர் வந்தாலும் அண்ணாச்சியின் முதல் கேள்வி, "சேவ் எங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை அவர் பிரவுசிங் சென்டரில் கற்றுக்கொண்டார். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சில வருடங்களில் துறைமுக ஊரான தூத்துக்குடியிலும் பிரவுசிங் சென்டர்கள் வந்தன. பகலில் ஷிப்பிங் ஏஜென்சி ஆட்களும், கப்பலில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வரும் அம்மாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் இடம் மாறிவிடும். ரோட் ராஷ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், கவுன்ட்டர் ஸ்ட்ரைக். 2003இல் ஜிடிஏ வைஸ் சிட்டி வந்த பிறகு நாற்காலிக்கு அடிதடி.

வைரஸுக்குப் பயந்து பல சென்டர்களில் டீப் ஃபிரீஸ் என்ற மென்பொருளைப் போட்டிருந்தார்கள். மெஷினை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அன்றைக்கு ஏறியது எதுவும் தங்காது. வைரஸோடு சேர்ந்து பையன்களின் சேவும் போய்விடும். மறுநாள் அதே மெஷினில் உட்கார்ந்து 'லோட் கேம்' அழுத்தினால் எல்லா ஸ்லாட்டும் காலியாக இருக்கும். வைஸ் சிட்டி தன் சேவை மை டாக்குமெண்ட்ஸுக்குள் 'ஜிடிஏ வைஸ் சிட்டி யூசர் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் வைக்கும். ஒரு சேவ் சுமார் 200 கேபி. 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஆறேழு சேவ் தாராளமாக அடங்கும். அண்ணாச்சி பையன்களுக்கு இதைக் காட்டிக் கொடுத்தார். எழுந்திருக்கும் முன்னால் ஃபிளாப்பியில் எடுத்துக்கொள்வது, மறுநாள் வந்ததும் முதலில் அதே ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பிறகு கேமைத் திறப்பது. சட்டைப்பையில் ஃபிளாப்பியோடு அலைந்த அந்தப் பையன்கள் இரண்டிரண்டாக வைத்துக்கொள்ளவும் பழகினார்கள், கடற்கரை ஊரில் ஃபிளாப்பிக்குள் சீக்கிரமே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால். இன்று கோடிக்கணக்கில் செலவழித்து நடத்தப்படும் கிளவுட் சேவ் ஏற்பாட்டின் அடிப்படை அன்றைக்கு அந்தச் சட்டைப்பையில் இருந்ததுதான்.

அந்தக் காலத்து சிடிகளில் பெரும்பாலானவை காப்பி என்பதை மறைத்துப் பயனில்லை. ஒரிஜினல் விலை பையன்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆனால் பேக்கப் என்றாலே திருட்டு என்று நினைப்பதும் தப்பு. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாக வைத்திருப்பவர் தொலைந்தாலோ கெட்டாலோ உதவும் என்று தனக்காக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தப் பிரதியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஒருவர் வாங்கிய கேமை இன்னொருவர் டிஸ்க்கில் ஏற்றச் சொன்னால் அண்ணாச்சி மாட்டேன் என்றுவிடுவார். வாங்கியவரே கேட்டால் எத்தனை மணி ஆனாலும் உட்கார்ந்து செய்து கொடுப்பார். தொழிலுக்கு இந்த எல்லை அவசியம் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை அளவில்லாமல் டவுன்லோட் பண்ணிக்கொள்ளலாம் என்றொரு திட்டமும் வந்தது. 256 கேபிபிஎஸ் இணைப்பு ஆறு மணி நேரம் அறுபடாமல் ஓடினால் ஏறக்குறைய 675 எம்பி இறங்கும், அதாவது ஓர் இரவுக்கு ஒரு சிடி. நடுவில் கரண்ட் போனால் அதுவும் கிடையாது. இப்படி இறக்கிய கேமை மறுபடியும் இறக்க எவருக்கும் மனசு வராது. அதனால்தான் பேக்கப் எடுக்கும் பழக்கமே ஊருக்குள் பரவியது. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீமின் மென்பொருளும் தன் பேக்கப்பைச் சிடி அளவில் நறுக்கவா, டிவிடி அளவில் நறுக்கவா என்று கேட்கும். நறுக்கியதை டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு என்று ஃபோல்டர் ஃபோல்டராகப் போட்டு வைக்கும்.

விரிக்கிற வேலையில் அவர் கைக்கொண்ட ஒழுங்கு அந்த வருடங்களில் உருவானது. துண்டு துண்டாக இருக்கிற ரார் ஃபைல்களில் முதலில் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பார். பெயரை எவராவது மாற்றியிருந்தால் பழைய பெயருக்குக் கொண்டுவருவார். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால், முதல் துண்டைத் திறந்தாலே மற்றவை தானாகத் தொடரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறந்து பார்த்துக் குழம்பியவர்கள் ஏராளம். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பது அடுத்தது. மூட்டையாக முப்பது ஜிபி, விரித்தால் ஐம்பது ஜிபி என்றால், வேலை முடியும் வரை எண்பது ஜிபியும் வேண்டும். விரிக்கிற ஃபோல்டருக்குச் சின்னப் பெயராக, டிரைவின் வாசலிலேயே வைப்பார். விண்டோஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும் முகவரி வழக்கமாக 260 எழுத்தைத் தாண்டக்கூடாது. டெஸ்க்டாப்பில் நீளப் பெயர் ஃபோல்டருக்குள் விரித்தால் பாதி வழியில் நின்றுவிடும். பென்டிரைவில் இடம் இருந்தும் ஏறவில்லை என்று வருகிறவர்களின் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அதில் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக் கொடுப்பார்.

விரிப்பதற்கு முன்னால் 'டெஸ்ட்' பட்டன் ஒன்று இருக்கிறது. வின்ராரிலும் 7-ஜிப்பிலும் அது உண்டு. அதை யாரும் தொடுவதில்லை.

மூட்டை கட்டும்போதே உள்ளே போகும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கணக்கு எண் போட்டு வைக்கப்படும். விரிக்கும்போது அதே கணக்கை மறுபடி போட்டு, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சிஆர்சி எரர் என்று வரும். அந்த வார்த்தையைப் பார்த்ததுமே ஃபைல் போச்சு என்று முடிவு கட்டி அழித்துவிடுகிறவர்கள் உண்டு. அண்ணாச்சி அப்படி முடிவெடுக்க மாட்டார். எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வைத்துக்கொண்டு மறுபடியும் ஓட விடுவார். இரண்டாவது முறையும் அதே ஃபைலில் நின்றால் மூட்டையில் கோளாறு. முதல் முறை ஒரு ஃபைல், இரண்டாவது முறை வேறொரு ஃபைல் என்று இடம் மாறினால் பெரும்பாலும் மூட்டைமேல் பழி இல்லை. மெஷினின் ரேம்தான் தப்புத் தப்பாகக் கணக்குச் சொல்கிறது. சாதாரணமாக டைப் அடிக்கும்போது வெளியே தெரியாத ரேம் கோளாறு, ஜிபி கணக்கில் விரிக்கும்போது மாட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடியில் இது அடிக்கடி நடக்கிறது. ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். அந்தக் காற்று ரேமின் பித்தளை நிறப் பல்வரிசையில் மங்கலாக ஒரு படலம் ஏற்றிவிடும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை அழிரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்ப்பார். ரப்பர் கறுத்துப்போகும், பல் மின்னும். ரப்பர் தூளை பிரஷ்ஷால் தட்டி, ஸ்லாட்டை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துவார். பிறகு ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடும். காலையில் அதே மூட்டை ஒரு தடங்கலும் இல்லாமல் விரிந்த சம்பவங்கள் பல. 'கரப்ட் ஆயிருச்சு' என்று குப்பைக்குப் போக இருந்த ஃபைல்கள் அவை. கோளாறு உண்மையிலேயே மூட்டையில் இருந்தால் ரார் ஃபைலின் ரெக்கவரி ரெக்கார்டு கைகொடுக்கும். மூட்டை கட்டுகிறபோதே அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். மூன்று அல்லது ஐந்து சதவீதம் இடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த இடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்வார்.

ஸ்டீம் வந்த பிறகு தொழிலின் முகம் மாறியது. 2013 வாக்கில் ஸ்டீம் தன் பழைய ஜிசிஎஃப் ஃபைல் முறையைக் கைவிட்டுப் புது முறைக்கு மாறியபோது, பழைய முறையில் வைத்திருந்த ஃபைல்கள் செல்லாக்காசாயின. எடுத்து வைத்த ஃபைலில் ஒரு பைட்கூட மாறவில்லை, திறக்கிற கதவுதான் மாறிவிட்டது. அதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறையாவது பேக்கப்பை இறக்கிப் பார்த்து, புதுசாக எடுத்து வைக்கச் சொல்கிறார். இப்போது அவருக்குப் பிடித்த வழி எளிமையானது. 'ஸ்டீம்ஆப்ஸ்' ஃபோல்டருக்குள் 'காமன்' என்பதில் கேம் இருக்கும். அதற்குரிய ஆப்மேனிஃபெஸ்ட் ஃபைல் வெளியே தனியாக இருக்கும். இரண்டையும் நகலெடுத்து, புது மெஷினில் அதே இடத்தில் வைத்து, பிறகு ஸ்டீமைத் திறந்தால் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டு குறைகிறதை மட்டும் டவுன்லோட் செய்யும். ஸ்டீமைத் திறந்து வைத்துக்கொண்டே ஃபைலைக் கொட்டினால் அது முழுசையும் முதலிலிருந்து இறக்க ஆரம்பித்துவிடும்.

கப்பல்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. பழைய பேக்கப்பை இறக்கியதும் ஸ்டீம் அப்டேட் கேட்கும். கரையில் இருந்தால் ஐந்து நிமிடம். கடலில் அது முடியாது, கேமும் திறக்காது. அதனால் கடையிலேயே இறக்கி, அப்டேட் முடித்து, ஒவ்வொரு கேமையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, ஆஃப்லைன் மோடுக்கு மாற்றி, ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடியும் ஓட்டிக் காட்டுவார். ரவுட்டரை அணைத்த பிறகு திறக்காத கேமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வார். கொண்டுபோய்ப் பயனில்லை. அங்கே இருந்து கேட்க ஆளும் இல்லை.

சேவ் தேடுவது தனிக் கலை. ஸ்டீம் எடுத்துத் தரும் பேக்கப்பில் சேவ் ஃபைல்கள் சேராது. அதை ஸ்டீமே சொல்லியிருக்கிறது, படிக்கிறவர்கள் குறைவு. சில கேம் டாக்குமெண்ட்ஸில் வைக்கும், சில ஆப்டேட்டாவுக்குள், சில ஸ்டீமின் யூசர்டேட்டாவில். பழைய கேம்கள் தங்கள் சேவைப் புரோகிராம் ஃபைல்ஸிலேயே எழுதப் பார்க்கும். விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸ் அதை அனுமதிக்காமல், கேமுக்குத் தெரியாமலே 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. கேம் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக ஃபார்மேட் அடித்தவர்கள் இங்கேதான் இழந்திருக்கிறார்கள். கிளவுட் இருந்தாலும் ஆபத்து முழுசாகப் போய்விடாது. புது மெஷினில் பழைய சேவை வைத்த பிறகு, கிளவுடில் இருப்பது வேண்டுமா, மெஷினில் இருப்பது வேண்டுமா என்று கேட்கும் பெட்டி வரும். அவசரத்தில் தப்பான பக்கம் அழுத்தினால் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். அந்தப் பெட்டி வந்தால் தேதியைப் படி, அதற்கு முன்னால் சேவை இன்னொரு இடத்தில் வை என்பது கடையில் வேலை பார்க்கும் பையனுக்கு அவர் முதலில் சொல்லிக் கொடுத்தது.

ஒரிஜினல் சிடி வாங்கியவர்களுக்குக்கூட 2015இல் ஓர் அடி விழுந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்த ஏராளமான கேம்களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதன் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதென்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10இல் அதை நீக்கிவிட்டது. காசு கொடுத்து வாங்கி உறை பிரியாமல் வைத்திருந்த சிடி, புது மெஷினில் ஓடவில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது சரிதான், ஆனால் அந்த வாடிக்கையாளர்களின் முகத்தைப் பார்த்தவருக்கு அந்தச் சரி போதுமானதாக இல்லை. அந்த சிடிகளை ஓட்டவென்றே பழைய எக்ஸ்பி மெஷின் ஒன்றை இணையத்தோடு இணைக்காமல் கடையில் வைத்திருக்கிறார்.

செல்போன் காலத்தில் தொல்லை வேறு உருவத்தில் வந்தது. பனிமயமாதா கோயிலை மைன்கிராஃப்டில் கட்டி முடித்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் போன் கடைக்கு வந்தது. போன் நிறைந்துவிட்டது, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணிக் கொடுங்கள் என்றார் அப்பா. வழக்கமான கேள்வியை அண்ணாச்சி கேட்டதும் அந்தப் பெண் போனைப் பிடுங்கிக் கட்டிய கோயிலைக் காட்டினாள். கோபுரம், பக்கத்தில் தங்கத்தேர் நிற்கிற இடம், அதற்கு முன்னால் விளக்கு வரிசை. ஆப்பை நீக்கினால் அந்த உலகமும் சேர்ந்து போயிருக்கும். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு, ஆப்களின் சொந்த ஃபோல்டருக்குள் வெளியிலிருந்து கைவைப்பதும் சிரமம். கேமின் உள்ளிருந்தே 'எக்ஸ்போர்ட்' கொடுத்து எம்சிவேர்ல்டு ஃபைலாக எடுத்தார். அது பெயர் மாற்றிய ஜிப்தான். 7-ஜிப்பில் திறந்து உள்ளே லெவல் ஃபைலும் டிபி ஃபோல்டரும் இருப்பதை அப்பாவிடம் காட்டினார். கடையில் இருந்த வேறொரு போனில் இறக்கிக் கோயில் முழுசாக நிற்பதை அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் ரீசெட் அடித்தார்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. தூத்துக்குடியின் தாழ்வான பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அது வடிந்ததும் சேறு படிந்த சிபியுக்களும் ஹார்ட் டிஸ்க்குகளும் கடை வாசலில் வரிசையாக வந்தன. பாதிப் பேர் அதற்குள் ஒருமுறை ஆன் பண்ணிப் பார்த்திருந்தார்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுப் போகச் சின்னத் துளை ஒன்று உண்டு. சேற்றுத் தண்ணீர் அதன் வழியே உள்ளே போயிருந்தால், கரண்ட் கொடுத்துத் தட்டைச் சுழலவிட்ட கணத்தில் கீறல் விழுந்துவிடும். வெயிலில் காயவைத்தாலும் சேறு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி, மீட்டெடுக்கும் லேபுக்கு அனுப்பச் சொன்னார். கல்யாண போட்டோவும் கணக்கும் இருந்தவர்கள் அனுப்பினார்கள். கேமுக்காக அவ்வளவு செலவழிக்க எவரும் முன்வரவில்லை, அதைக் குறை சொல்லவும் முடியாது. கிளவுடில் சேவ் இருந்தவர்கள் அடுத்த மாதமே விட்ட இடத்திலிருந்து ஆடினார்கள். பேக்கப்பையும் மெஷின் இருந்த அதே மேசையின் கீழ்த் தட்டில் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போயிருந்தன. அதற்குப் பிறகு ஒரு பிரதியை வேறு வீட்டில், முடிந்தால் மாடியில் வைக்கச் சொல்கிறார்.

இப்போது ஃபைபர் இணைப்பில் ஒரே ராத்திரியில் நூறு ஜிபி இறங்கிவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு மெஷின் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஸ்டீமே உள்ளூர் நெட்வொர்க்கில் மாற்றித் தருகிறது. 2023இல் வந்த வசதி அது. பேக்கப் எதற்கு என்று கேட்கிற தலைமுறை வந்துவிட்டது. அவர்களிடம் அண்ணாச்சி 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமைப் பற்றிப் பேசுவார். 2014இல் வந்தது, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம். 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் அதன் சர்வரை மூடியது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும் என்று கட்டப்பட்ட கேம் அது. அதன் ஃபைல்கள் ஒரு வாடிக்கையாளரின் டிஸ்க்கில் ஒரு பைட்கூடக் குறையாமல் இருக்கின்றன, டெஸ்ட்டில் தேறுகின்றன, விரிகின்றன, திறக்கவில்லை. இப்படி கேமைக் கொல்லக்கூடாது என்று ஐரோப்பாவில் நடந்த மக்கள் மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அண்ணாச்சியின் நியாயமும் அவர்கள் பக்கம்தான். விற்றவர் கடையை மூடினாலும் வாங்கியவன் பொருள் அவன் கையில் ஓட வேண்டும் என்கிறார்.

கப்பலேறும் பையன்களுக்கு ஜிஓஜி போன்ற இடங்களில் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் கிடைக்கிற கேமாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார். செட்டப் ஃபைலும் கூடவே பின் ஃபைல்களுமாக வரும் அது, டிஸ்க்கில் இருந்தால் எவர் அனுமதியும் கேட்காமல் எந்தக் கடலிலும் ஏறும். சென்ற வாரம் வந்த பையன் பட்டியல் ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதில் பாதியை அடித்துவிட்டு, மீதியை இறக்க ஆரம்பித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலைக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும்.